ஈரமும் வெப்பமும்: காய்கறி விதையின் ஆயுட்கணக்கு

தக்காளி விதையையும் வெங்காய விதையையும் ஒரே நாளில் தனித்தனித் துணி முடிச்சுகளாகக் கட்டி, ஒரே பரணில் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து விதைத்தால், தக்காளி ஓரளவுக்கேனும் முளைத்துவிடுவதையும் வெங்காயம் ஏறத்தாழ முளைக்காமலே போவதையும் தோட்டம் வைத்திருப்போர் பலரும் கண்டிருப்பர். ஒரே செடிகளில் எடுத்த கத்தரி விதையை இரண்டு பங்காக்கி, ஒன்றைத் தருமபுரியின் உலர்ந்த காற்றிலும் மற்றொன்றை நாகப்பட்டினத்தின் கடற்காற்றிலும் திறந்து வைத்தால், கடலோரத்துப் பங்கு முன்னதாகவே கெட்டுவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நிறத்திலோ பருமனிலோ வேறுபாடு தெரிவதில்லை. பயிரின் இயல்பு, வைத்த இடம், வைத்த விதம் ஆகிய மூன்றும் சேர்ந்து விதையின் ஆயுளை எவ்வாறு முடிவு செய்கின்றன என்பதும், அவற்றுள் விவசாயியின் கைக்கு எட்டியது எது என்பதும் விதை அறிவியல் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்விகள்.

உலர்ந்தும் உயிரோடு இருப்பது எப்படி?

விதை என்பது ஒரு முளைக்கருவும், அதற்கான உணவும், இரண்டையும் மூடிய உறையும் சேர்ந்த ஓர் அமைப்பு. காய் பழுக்கும் காலத்தில் முளைக்கருவின் செல்கள் மற்ற எந்தச் செல்லையும் போலவே நீர் நிறைந்தவையாக இருக்கின்றன. இலையிலோ வேரிலோ உள்ள செல், அந்த நீரில் பெரும்பகுதியை இழந்தால் இறந்துவிடும். விதையின் செல் இறப்பதில்லை. ஏனெனில் முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் அது சுக்ரோஸ், ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகளையும், உலர்வைத் தாங்குவதற்கென்றே அமைந்த சில புரதங்களையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது. நீர் வெளியேற வெளியேற இவை செல்லின் உள்ளடக்கத்தைக் கெட்டியாக்கி, இறுதியில் படிகமாகாத ஒரு திண்ம நிலைக்குக் கொண்டுவருகின்றன. அறிவியலில் இது கண்ணாடி நிலை எனப்படுகிறது. வெல்லப்பாகு ஆறி இறுகிக் கடலை மிட்டாயாகும்போது நேர்வதும் இத்தகைய மாற்றமே: நன்கு இறுகிய மிட்டாய் கோடையில் மொறுமொறுப்பாக இருக்கிறது, மழைக்காலத்தில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை வாங்கி இளகிப் பிசுபிசுக்கிறது.

விதைக்குள்ளும் இந்த இறுக்கமே பாதுகாப்பாகிறது. கண்ணாடி நிலையில் மூலக்கூறுகள் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே நிற்பதால், அவை ஒன்றோடொன்று வினைபுரிவது மிக மெதுவாகிறது. ஈரம் ஏறினாலோ வெப்பம் ஏறினாலோ அந்த இறுக்கம் தளர்ந்து, மூலக்கூறுகள் நகரத் தொடங்குகின்றன. அவற்றோடு சிதைவும் தொடங்குகிறது.

அச்சிதைவின் வழிகளுள் முதன்மையானது ஆக்ஸிஜனால் நேர்வது. எதனோடும் உடனே வினைபுரியக்கூடிய, தனி உறுப்புகள் என்று வேதியியலில் சொல்லப்படும் துகள்கள் உருவாகி, செல் சவ்வில் உள்ள கொழுப்பைத் தாக்குகின்றன, சர்க்கரைகள் புரதங்களோடு பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன, மரபுப்பொருளான டி.என்.ஏ. இழைகளில் முறிவுகள் விழுகின்றன. உயிருள்ள செடியில் இத்தகைய சேதங்களை நொதிகள் உடனுக்குடன் பழுதுபார்த்துவிடும். ஆனால் நொதிகள் வேலை செய்ய நீர் வேண்டும் என்பதால், உலர்ந்த விதையில் பழுதுபார்ப்பு நடைபெறுவதில்லை. சேமிப்புக் காலம் முழுவதும் சேதம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. விதை நீரை உறிஞ்சும் முதற்சில மணி நேரங்களில்தான் அது வரை சேர்ந்த அனைத்தையும் முளைக்கரு சரிசெய்யத் தொடங்குகிறது. சேதம் சிறிதானால் விதை சற்றுத் தாமதமாக முளைக்கும். பெரிதானால் வேர் குட்டையாகவோ வித்திலைகள் கோணலாகவோ உள்ள குறைநாற்று வரும். எல்லையைக் கடந்துவிட்டால் விதை மண்ணிலேயே அழுகும்.

காற்றோடு விதை செய்துகொள்ளும் சமரசம்

விதையின் எடையில் நீரின் பங்கு எத்தனை விழுக்காடு என்பதே விதை ஈரம். இது நிலையான அளவன்று. சுற்றியுள்ள காற்று விதையைவிட ஈரமாக இருந்தால் விதை ஈரத்தை வாங்குகிறது, உலர்ந்திருந்தால் விடுகிறது, சில நாள்களிலோ வாரங்களிலோ கொடுக்கலும் வாங்கலும் சமமாகும் ஓர் அளவில் நிற்கிறது. அந்த அளவுக்குச் சமநிலை ஈரம் என்று பெயர். காற்று அதன் அப்போதைய வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதைக் குறிக்கும் ஒப்பு ஈரப்பதம், இச்சமநிலையைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இதை அளந்தறிய ஆய்வாளர்கள் கையாளும் முறை எளிமையானது. ஓர் உப்பை அது கரையாமல் அடியில் தங்கும் அளவுக்கு நீரில் கலந்து மூடிய பாத்திரத்தில் வைத்தால், மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் அந்த உப்புக்கே உரிய ஒரு மாறாத அளவில் நிற்கும். சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காட்டையும், மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டையும், லித்தியம் குளோரைடு 11 விழுக்காட்டையும் தருகின்றன. இக்கரைசல்களுக்கு மேலே வலைத்தட்டில் விதையை வைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை காத்திருந்து, பின்னர் அடுப்பில் உலர்த்தி எடைக்குறைவைக் கணக்கிட்டால், எந்தக் காற்றில் எந்த விதை எவ்வளவு ஈரம் கொள்ளும் என்பது தெரிந்துவிடும். வெங்காயம், மிளகாய் போன்ற விதைகளை 103 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 17 மணி நேரம் உலர்த்துவது உலகெங்கும் பின்பற்றப்படும் முறை.

இவ்வளவீடுகள் இரண்டு செய்திகளைத் தெளிவாக்குகின்றன. ஒன்று, எண்ணெய் நீரை ஏற்பதில்லை என்பதால், ஒரே காற்றில் முள்ளங்கி, முட்டைக்கோசு போன்ற எண்ணெய் மிகுந்த விதைகள் குறைந்த ஈரத்திலும், அவரை, தட்டைப்பயறு போன்ற மாவும் புரதமும் மிகுந்த விதைகள் கூடுதல் ஈரத்திலும் சமநிலை அடைகின்றன. பயிருக்குப் பயிர் பாதுகாப்பான ஈர அளவு வேறுபடுவதற்கு இதுவே முதற்காரணம். மற்றொன்று, நிழலில் எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த இடத்துக் காற்று அனுமதிக்கும் சமநிலைக்குக் கீழே விதை உலராது. வடகிழக்குப் பருவமழையின்போது கடலோர மாவட்டங்களில் ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது இயல்பு. அக்காலத்தில் பரணில் திறந்து கிடக்கும் விதை, கோடையில் எவ்வளவு நன்றாகக் காய்ந்திருந்தாலும், மீண்டும் ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. நாகப்பட்டினத்துக் கத்தரி விதை முந்திக் கெடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது.

இரட்டிப்பின் கணக்கு

ஈரமும் வெப்பமும் ஆயுளை எவ்வளவு மாற்றுகின்றன என்பதற்கு, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் காய்கறி விதைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹாரிங்டன், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டு எளிய விதிகளை வகுத்தார். விதை ஈரம் ஒரு விழுக்காட்டுப் புள்ளி குறையும் ஒவ்வொரு முறையும் சேமிப்பு ஆயுள் இருமடங்காகிறது என்பது முதல் விதி. சேமிக்கும் இடத்தின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறையும் ஒவ்வொரு முறையும் ஆயுள் இருமடங்காகிறது என்பது இரண்டாம் விதி. முதலாவது ஏறத்தாழ 5 முதல் 14 விழுக்காடு ஈரம் வரையிலும், இரண்டாவது 0 முதல் 50 டிகிரி வரையிலும் தோராயமாகப் பொருந்துகின்றன. ஒன்றின் விளைவு மற்றொன்றின் விளைவோடு பெருகுகிறது.

இப்பெருக்கத்தின் வலிமை கணக்கிட்டுப் பார்க்கும்போதுதான் புரிகிறது. 12 விழுக்காடு ஈரத்தில் உள்ள விதையை 8 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் ஆயுள் நான்கு முறை இரட்டித்து 16 மடங்காகிறது. 30 டிகிரி அறையிலிருந்து 20 டிகிரி அறைக்கு மாற்றினால் இரண்டு முறை இரட்டித்து 4 மடங்காகிறது. இரண்டையும் செய்தால் 64 மடங்கு. குளிர்பதனத்துக்கு மின்சாரமும் பொருளும் வேண்டும். உலர்த்துவதற்கு வெயிலும் கவனமும் பெரும்பாலும் போதும். குறைந்த செலவில் கிடைப்பதே கூடுதல் பலன் தருவது என்பது வெப்பமண்டல விவசாயிக்கு இவ்விதிகள் தரும் நற்செய்தி.

வெப்பநிலையை ஃபாரன்ஹீட் அளவிலும் ஒப்பு ஈரப்பதத்தை விழுக்காட்டிலும் எழுதிக் கூட்டினால் வரும் தொகை 100ஐத் தாண்டாதிருப்பது நல்ல சேமிப்பு என்ற எளிய அளவுகோலும் ஹாரிங்டனின் பெயரோடு வழங்குகிறது. 30 டிகிரி செல்சியஸ் என்பது 86 டிகிரி ஃபாரன்ஹீட். ஒப்பு ஈரப்பதம் 75 என்றால் தொகை 161. சென்னையின் ஒரு சாதாரண அறை விதைக்கு எவ்வளவு கடுமையான இடம் என்பதை இந்த ஓர் எண் காட்டிவிடுகிறது.

விதிகளுக்கு எல்லைகளும் உண்டு. ஈரம் 8 அல்லது 9 விழுக்காட்டுக்கு மேல் போனால் சேமிப்புப் பூச்சிகள் பெருகத் தொடங்குகின்றன. 13, 14 விழுக்காட்டைக் கடந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. இன்னும் மிகுந்தால் விதைக்குவியல் தன் மூச்சாலேயே சூடாகிறது. ஈரமான விதையை உறைநிலைக்குக் கொண்டுபோனால் செல்லுக்குள் பனிக்கட்டி உருவாகி விதை அப்போதே இறந்துவிடும். ஆகவே உலர்த்தல் முதலிலும் குளிர்த்தல் பின்னரும் என்ற வரிசை மாறக் கூடாது. 2008ஆம் ஆண்டில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் திறக்கப்பட்ட உலக விதைக் காப்பகம் விதைகளை –18 டிகிரி செல்சியஸில் காக்கிறது. அங்கு வந்து சேரும் விதைகளும் முன்னதாக நன்கு உலர்த்தப்பட்டு ஈரம் புகாத உறைகளில் அடைக்கப்பட்டவையே.

எண்ணிக்கை மறைப்பதும் காட்டுவதும்

ஒரு குவியலில் உள்ள விதைகள் அனைத்தும் ஒரே நாளில் இறப்பதில்லை; பெரும்பாலானவை ஒரு நடுக்காலத்தை ஒட்டியும், சில அதற்கு வெகு முன்னும், சில வெகு பின்னும் இறக்கின்றன. இதனால் குவியலின் முளைப்புத்திறன் நெடுநாள் உயர்ந்தே நின்று, பின்னர் குறுகிய காலத்தில் சரிகிறது. சென்ற ஆண்டு நன்றாக முளைத்த விதை இவ்வாண்டு ஏன் திடீரென்று பொய்த்தது என்ற குழப்பத்துக்கு இதுவே விடை: சிதைவு சீராகவே நடந்துவந்தது, எண்ணிக்கையில் அது தெரியவந்த காலம்தான் பிந்தியது.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எல்லிஸ், ராபர்ட்ஸ் ஆகிய இருவரும் 1980இல் இச்சரிவை ஒரு பொதுக் கணக்காக வடித்தனர். ஒரே பயிரின் விதைகள், ஒரே ஈரத்திலும் வெப்பத்திலும் வைக்கப்பட்டால், ஒரே வேகத்தில் மூப்படைகின்றன. குவியலுக்குக் குவியல் வேறுபடுவது அவை தொடங்கும் இடம் மட்டுமே என்பது அதன் சாரம். ஏறத்தாழ 98 விழுக்காட்டில் தொடங்கும் குவியல் பாதி முளைப்புக்கு இறங்க எடுக்கும் காலம், 84 விழுக்காட்டில் தொடங்கும் குவியலுக்கு ஆகும் காலத்தைப் போல இருமடங்கு என்பது இக்கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு. முளைப்பில் 14 புள்ளிகள் என்பது விதைக்கும் நாளில் சிறிய குறையாகத் தோன்றலாம். சேமிப்பில் அது பாதி ஆயுள். எந்தச் சேமிப்பும் விதையின் தொடக்கத் தரத்தை உயர்த்துவதில்லை என்பதால், நன்கு பழுத்த தக்காளியிலிருந்தும், மஞ்சளாக மாறிய கத்தரியிலிருந்தும், செடியிலேயே காய்ந்து பழுப்பேறிய வெண்டையிலிருந்தும் விதை எடுப்பது சேமிப்பின் முதற்படியாகிறது.

முளைப்புத்திறனை முறையாக எண்ணும் வழக்கத்தை, 1869இல் ஜெர்மனியின் தாரண்ட் நகரில் முதல் விதைப் பரிசோதனை நிலையத்தை நிறுவிய ஃபிரீட்ரிக் நோபே தொடங்கிவைத்தார். இன்றைய பன்னாட்டு விதிமுறையில், நூறு நூறாக 400 விதைகள் ஈரத்தாளில் வைக்கப்பட்டு, தக்காளிக்கு 5ஆம் நாளிலும் 14ஆம் நாளிலும், வெங்காயத்துக்கு 6ஆம் நாளிலும் 12ஆம் நாளிலும் எண்ணப்படுகின்றன. முளைத்தவை எல்லாம் கணக்கில் சேர்வதில்லை. முழுமையான நாற்றாக வளரக்கூடியவை மட்டுமே சேர்கின்றன. 400 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு: உண்மையில் 70 விழுக்காடு முளைக்கக்கூடிய குவியலிலிருந்து நூறு விதை மட்டும் எடுத்துப் பார்த்தால், தற்செயலாகவே 61 முதல் 79 வரை எந்த எண்ணும் வரலாம், பத்து விதையில் வரும் முடிவோ ஏறத்தாழ ஒன்றும் சொல்வதில்லை.

முளைக்காத விதை எல்லாம் செத்ததும் அன்று. புதிதாக எடுத்த கத்தரி, பாகல் விதைகளில் உறக்கநிலை காணப்படுவதுண்டு. மிகவும் உலர்ந்த வெண்டையில் உறை கெட்டியாகி நீரை உள்ளே விடாமல் தடுப்பதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய, 1940களில் ஜெர்மானிய அறிவியலர் கியோர்க் லாகோன் உருவாக்கிய டெட்ராசோலியம் சோதனை உதவுகிறது. நீரில் ஊறிய விதையை நெடுக்கே வெட்டி நிறமற்ற டெட்ராசோலியம் கரைசலில் வைத்தால், மூச்சுவிடும் செல்களின் நொதிகள் அதைச் செந்நிறப் பொருளாக மாற்றுகின்றன. உயிருள்ள கரு முழுதும் சிவக்கிறது, இறந்த பகுதி வெளுத்தே நிற்கிறது. வேர்நுனி வெளுத்திருந்தால், மற்ற பகுதி சிவந்திருந்தாலும், அந்த விதை நாற்றாகாது.

முளைப்பு எண்ணிக்கை குறைவதற்கு முன்பே குறையத் தொடங்குவது வீரியம். கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வகச் சூழலைக் கடந்து, குளிர்ந்த மண்ணிலும் இறுகிய மண்ணிலும் விரைவாகவும் ஒருசேரவும் முளைத்தெழும் ஆற்றலே வீரியம் எனப்படுகிறது. பட்டாணி விதையைத் தூய நீரில் ஊறவைத்து, அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவைக் காண்பது இதை அறியும் வழிகளுள் ஒன்று: சவ்வுகள் சிதைந்த விதையிலிருந்து உப்புகள் மிகுதியாகக் கசிவதால், நீரின் கடத்துதிறன் உயர்கிறது. ஈரத்தை உயர்த்தி, 45 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைத்து, அதன் பின்னும் எத்தனை விதை முளைக்கிறது என்று பார்ப்பது சிறு காய்கறி விதைகளுக்கான மற்றொரு வழி. ஆண்டுகளில் நேரும் மூப்பை ஒரு நாளில் வரவழைத்துக் காணும் இச்சோதனையில், முளைப்பு எண்ணிக்கையில் சமமாக நின்ற இரண்டு குவியல்கள் வெகுவாக விலகிப்போவதுண்டு.

பயிருக்குப் பயிர் வேறுபாடு

இனி வெங்காயத்துக்கு வரலாம். எல்லிஸ், ராபர்ட்ஸ் கணக்கில் ஒவ்வொரு பயிருக்கும் அதற்கே உரிய மாறிலிகள் உண்டு. ஒரே ஈரத்திலும் வெப்பத்திலும் வைத்தாலும் வெங்காய விதை தக்காளி விதையைவிட விரைவாக மூப்படைவது அதன் பிறவி இயல்பு. வெப்பமண்டலத்தின் திறந்த சேமிப்பில் அது ஓராண்டைத் தாண்டுவதே அரிது. ஆனால் அந்த இயல்பும் ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் கட்டுப்பட்டதே. நன்கு உலர்த்தி, ஈரம் புகாத உறையில் அடைத்துக் குளிரில் வைத்தால் வெங்காய விதையும் பல ஆண்டுகள் முளைக்கிறது.

உலர்த்தவே கூடாத விதைகளும் இருக்கின்றன. 1973இல் ராபர்ட்ஸ், விதைகளை உலர்வு தாங்குபவை, உலர்வு தாங்காதவை என இரண்டாகப் பிரித்தார். பெரும்பாலான காய்கறிகள் முதல் வகை. மா, பலா, கறிவேப்பிலை ஆகியவை இரண்டாம் வகை. காய்கறிகளுள் சௌசௌ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு: அதன் ஒற்றை விதை காய்க்குள்ளேயே முளைவிடுவதால் காயையே முழுதாக நடுகின்றனர். இவற்றுக்கு இக்கட்டுரையின் விதிகள் பொருந்தா. பறித்த சூட்டில் விதைப்பதே வழி.

வீட்டிலும் தோட்டத்திலும்

விதையை உலர்த்துவதில் வெயில் தோழன்; நண்பகல் வெயில் மட்டும் தோழனன்று. ஈரமான விதையைக் கடும் வெப்பம் தாக்கினால் கரு சிதையும் என்பதால், நீர் வடித்த விதையை முதலில் நிழலிலும், பின்னர் காலை வெயிலிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்பட்ட வெயிலிலும் மெல்லிய பரப்பாக உலர்த்துவது முறை. போதிய அளவு உலர்ந்ததா என்பதற்கு ஒரு முதற்கட்டச் சோதனை உண்டு. உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு விதையும் ஒரு கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு, மூடிக் குலுக்கிக் கால் மணி நேரம் வைத்தால், உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொள்வது விதைக்குள் 75 விழுக்காட்டு ஒப்பு ஈரப்பதத்துக்கு இணையான ஈரம் இருப்பதைக் காட்டும். அந்த விதையை மூடி வைப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பாகும். உப்பு உதிரியாக விழுந்தால் பூஞ்சண ஆபத்து நீங்கிற்று என்று மட்டுமே பொருள்; நீண்ட சேமிப்புக்கு இன்னும் உலர்த்த வேண்டும்.

மூடிய கலத்துக்குக் கூடுதல் உலர்வு தேவை என்பதை இந்தியச் சான்றுத் தரங்களும் வலியுறுத்துகின்றன. தக்காளி, கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றுக்குச் சாதாரணப் பையில் அதிக அளவாக 8 விழுக்காடு ஈரமும், ஈரம் புகாத உறையில் 6 விழுக்காடும் அனுமதிக்கப்படுகின்றன. வெண்டைக்கு இவை முறையே 10, 8. திறந்த பையில் உள்ள ஈரம் வறண்ட நாளில் வெளியேற முடியும். அடைத்த உறையிலோ உள்ளே போன ஈரம் கடைசி வரை விதையோடே இருக்கும். அதே தரங்கள் தக்காளி, கத்தரி, வெங்காயத்துக்கு 70 விழுக்காடும், வெண்டைக்கு 65 விழுக்காடும், மிளகாய்க்கு 60 விழுக்காடும் குறைந்த அளவு முளைப்பாக வேண்டுகின்றன.

வெயிலால் 8 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவர இயலாத ஈரமான பகுதிகளில், ஈரம் உறிஞ்சும் பொருளை விதையோடு மூடிய புட்டியில் வைப்பது பலன் தருகிறது. சிலிக்கா ஜெல் மணிகள் கடைகளில் கிடைக்கின்றன. நுண்துளைகளில் நீரைப் பிடித்துவைக்கும் ஜியோலைட் மணிகள் இன்னும் வலியவை. இரண்டையும் சூடாக்கி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த புட்டியை எடுத்தவுடன் திறந்தால், குளிர்ந்த விதையின் மேல் அறைக்காற்றின் நீராவி துளிர்த்துவிடும். அறை வெப்பநிலைக்கு வரும் வரை சில மணி நேரம் மூடியே வைத்திருந்து திறப்பதே சரி.

முன்னோர் வழிமுறைகளையும் இதே கணக்கால் எடைபோடலாம். பீர்க்கு, சுரைக் காய்களை முற்றவிட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிடும் வழக்கத்தில், அடுப்பின் சூடு காற்றின் ஒப்பு ஈரப்பதத்தைக் குறைக்கிறது. அவ்விடம் அறையைவிட 5 டிகிரி சூடானது எனக் கொண்டால் ஆயுள் பாதியாகும். விதை ஈரம் 3 புள்ளி குறைந்தால் ஆயுள் 8 மடங்காகும். நிகர விளைவு 4 மடங்கு நன்மை. உலர்ந்த சாம்பலில் கலந்து வைப்பது ஓரளவு ஈரத்தை வாங்குவதோடு, வண்டுகளின் நடமாட்டத்தைத் தடுத்து அவற்றின் மேல்தோலையும் தேய்க்கிறது. இவ்வழிகள் கோடைக்கு நன்றாகப் பொருந்தின. மழைக்காலத்துக் கடலோரத்தில் மூடிய கலமும் ஈரம் உறிஞ்சியும் சேரும்போதே அவை முழுமை பெறும்.

குளிர்பதனக் கிடங்குகளுக்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பகுதியேனும் கிராம அளவில் விதையை உலர்த்தும் வசதிக்கும், ஈரம் புகாத உறைகளுக்கும், ஈரம் அளக்கும் கருவிகளுக்கும் செல்ல வேண்டும் என்பது இவ்வறிவியல் தரும் தெளிவான பரிந்துரை. அறுவடை முதல் விதைப்பு வரை விதையை உலர்வு குலையாமல் கைமாற்றும் இம்முறையைக் கென்ட் பிராட்ஃபோர்டு முதலிய ஆய்வாளர்கள் உலர்தொடர் என்ற பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். கடைகளில் கிடைக்காத உள்ளூர்க் கத்தரி, அவரை, சுரை வகைகள் இன்று ஒரு சில வீடுகளின் விதை முடிச்சுகளில் மட்டுமே இருக்கின்றன. ஒரு மழைக்காலத்து ஈரத்தில் அவை முளைப்பை இழந்தால், அவற்றை வேறெங்கும் வாங்க இயலாது. நன்கு முற்றிய காயிலிருந்து எடுத்து, உலர்த்தி, அடைத்து, குளிர்ந்த இடத்தில் வைத்து, ஆண்டுக்கொருமுறை நூறு விதையையேனும் முளைக்கவைத்து எண்ணி, முளைப்பு சரிவதற்கு முன்பே மீண்டும் விதைத்துப் புது விதை எடுப்பது எந்த வீட்டாலும் செய்யக்கூடிய வேலை. அந்த வகைகள் நிலைப்பதற்கு அதுவே உறுதியான வழி.